நான்கு துறைகளும் ஒரு செத்த ஆவாரையும்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கடைவீதியில் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இன்னா சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரே சம்பந்தம்தான். என் மனைவி அங்கே ஆராய்ச்சி செய்தாள். நான் ஒன்பதாம் வகுப்போடு புத்தகப் பையை ஆணியில் மாட்டியவன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரே விஞ்ஞானமும் எடுத்தார், விளையாட்டு பீரியடில் விசிலும் ஊதினார். மழை பெய்தால் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் அடைத்து, எது தோன்றுகிறதோ அதை நடத்துவார். அதனால் படிப்பு என்பது ஒரே சாமான், ஒரே டப்பாவில் இருக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்தைப் பார்த்தபிறகு அந்த நினைப்பு போயிற்று. அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் தனிக் கட்டடம், தனி வாசல், தனித் தண்ணீர்த் தொட்டி, தனி நாய். தாவரவியல் துறை நாய் வேதியியல் துறை வாசலுக்குப் போனால் அந்தத் துறை நாய் கடித்துத் துரத்தும். நாய்களுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. துறைத் தலைவர்களைப் பார்த்தபிறகு புரிந்தது.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத மாட்டேன். எனக்குப் பயம் ஜாஸ்தி. அரசாங்கத்துடையது, எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பலாம், அவ்வளவு போதும். கவலை எனக்குப் பீடி மாதிரி. ஒன்று அணைவதற்குள் அதன் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைத்துக்கொள்வேன்.

என் மனைவி கனரக எந்திரத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே பெரிய மிஷின் ஓட்டியவர். பெண் தாவரவியலில் எம்.எஸ்ஸி., மாப்பிள்ளை ஒன்பதாவது. கல்யாணத்தன்றே என் அத்தை பந்தியில் உட்கார்ந்து, "பக்கெட்டு சின்னது, மூடி பெருசா அமைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பாயசம் கேட்டாள். ஊரில் இன்றைக்கும் அந்தப் பேச்சு ஓடுகிறது. மூடி என் மனைவி. அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். நான்தான் ஒரு வாரம் தூங்கவில்லை.

அவளுடைய ஆராய்ச்சி எங்கள் கடைக்குத் தானாகவே வருகிற விஷயம். நந்திதுர்க் பக்கம் சயனைட் மேடுகள் இருக்கின்றனவே, தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மாவாக அரைத்துக் குன்று குன்றாகக் கொட்டிவைத்த மண். காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூள் பறந்துவந்து என் வாளிகள் மேல் சாம்பல் நிறத்தில் படியும். நான் காலையும் மாலையும் துடைப்பேன். அவள் அந்தத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அந்த மண்ணில் எந்தச் செடி நிற்கும், நல்ல மண்ணோடு எவ்வளவு கலந்தால் எது பிழைக்கும், எது சாகும் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. மேட்டின் மேல் செடி நின்றால் தூள் பறக்காது. தூள் பறக்காவிட்டால் ஊர்க்காரர்கள் இருமாமல் தூங்கலாம். இது எனக்கே புரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டதே, அப்படியானால் இது ஆராய்ச்சியாக இருக்க முடியுமா என்ற கவலையும் கூடவே வந்தது.

தொட்டிகள் என் கடையிலிருந்து போயின. வரிசை வரிசையாக எருக்கு, ஆவாரை, கம்பு, வெட்டிவேர். ஒவ்வொரு தொட்டியின் வயிற்றிலும் வெள்ளைப் பெயிண்டால் கால், அரை, முக்கால், முழுசு என்று அவள் கையால் எழுதியது. சயனைட் மண் எவ்வளவு என்பதற்கு அடையாளம். வகுப்பு எடுக்கிற கல்லூரியில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போய் அளந்துவிட்டு வருவாள். வருஷங்கள் இப்படியே போயின. எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசியாகச் செடிகளைப் பிடுங்கி, வேரைக் காயவைத்து எடை போடுவது ஒன்றுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றார். சால்வை போட்டார்கள், போண்டா கொடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் விதி ஒன்று வெளியே வந்தது. ஏதாவது ஒரு துறை அவளை ஏற்றுக்கொண்டு, அந்தத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஜனவரி முடிந்தால் பதிவு செத்துப்போகும். பதிவு போனால் அத்தனை வருஷமும் போகும்.

தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போனேன். பயம் அவளுக்கு இல்லை, எனக்குத்தான். அவள் உள்ளே போவாள். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் காதை நீட்டிக்கொண்டிருப்பேன்.

தாவரவியல் தலைவர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ரொம்பப் பிரியமாகப் பேசினார். "நம்தல்ல மேடம்" என்றார். கன்னடத்தில், நம்முடையது இல்லை என்று அர்த்தம். "எருக்கு, ஆவாரை எல்லாம் நாங்க எப்பவோ முடிச்சாச்சு. உங்க விஷயத்துல புதுசு இன்னான்னா மண்ணு. மண்ணுன்னா நிலவியல். அங்க போங்க."

நிலவியல் தலைவர் ஒரு கல்லைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "மண்ணுன்னா இன்னா மேடம்? இயற்கை பண்ணது. இது மில்லுல அரைச்ச பவுடர். என் வூட்டுக் கோதுமை மாவையும் கொண்டாந்து நிலவியல்னு சொல்லலாமா? நம்தல்ல. கெமிஸ்ட்ரி."

வேதியியல் தலைவர் எங்கள் பக்கத்துத் தமிழர். வேலூர் ஜில்லா. நம் ஆள் என்று நான் கொஞ்சம் தைரியமாக ஜன்னலுக்குக் கிட்டே போனேன். "ஏம்மா, எங்க லேபுல உயிரோட இருக்கிறது நானும் லேப் அசிஸ்டென்ட்டும்தான். அவனும் சந்தேகம். செடி கிடியெல்லாம் உள்ள வுட்டா அப்பால பூச்சி வரும். சுற்றுச்சூழல்னு ஒரு துறை தொறந்து வெச்சிக்கிறாங்களே, எதுக்கு? போய்ப் பாரு."

சுற்றுச்சூழல் துறைத் தலைவர்தான் எல்லோரையும் விட இளைஞர், நல்ல மனுஷர். நிஜமாகவே உதவ நினைத்தார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. "இந்த வருஷம் எங்க தீம் ஏரி, மேடம். நீங்க ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் பண்ணிக்கோங்க. அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போய் பேத்தமங்களா ஏரியில போட்டு, தண்ணி இன்னா ஆகுதுன்னு பாருங்க. உடனே நம்தே, நம்மளுதே ஆயிடும்."

என் மனைவி நோட்டை மூடினாள். பிறகு, "சார், அது நாங்க குடிக்கிற தண்ணி" என்றாள்.

"ஓ" என்றார் அவர். "அப்போ சமூகவியல் கேட்டுப் பாருங்க."

இதையெல்லாம் விட எனக்கு எரிந்தது மத்தியானம். கேன்டீனில் சாப்பிடப் போனோம். நான்கு தலைவர்களும் ஒரே மேஜையில், ஒரே பாத்திரத்துச் சாம்பாரைப் பங்குபோட்டு ராகி முத்தே உருண்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நிலவியல் தட்டிலிருந்து வெங்காயத்தை எடுத்து வேதியியல் கடிக்கிறது. தாவரவியல் சொன்ன ஜோக்குக்குச் சுற்றுச்சூழல் புரையேறிச் சிரிக்கிறது. வெங்காயத்துக்குத் துறை கிடையாதாம். ஆவாரைக்கு மட்டும் உண்டாம்.

தொட்டிகளுக்கும் அதே கதி. தாவரவியல் கட்டடத்தின் நிழலில் இருந்தவற்றை, நம்தல்ல என்று ஆனபிறகு, நான்கு கட்டடங்களுக்கும் நடுவே இருந்த யாருக்கும் சொந்தமில்லாத திட்டில் தள்ளிவைத்துவிட்டார்கள். அங்கே நாய்கள்கூடச் சண்டை போடாது.

டிசம்பரில் ஒருநாள் என் கடைக்கு போன் வந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட வெளியூரிலிருந்து குழு வருகிறதாம். எல்லாத் துறைக்கும் பச்சை, நீலம் என்று ஜோடி ஜோடியாகக் குப்பைத்தொட்டி வேண்டுமாம். படிப்பின் தரத்துக்கும் குப்பைத்தொட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு வியாபார ரீதியில் நல்ல செய்திதான். குழு வருவதற்கு முந்தின நாள் காலை மூன்று சக்கர டெம்போவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன்.

அடையாளம் தெரியவில்லை. கட்டடங்களுக்கு ஈரப் பெயிண்ட். நாய்களைக் காணோம். ஒவ்வொரு வாசலிலும் ஆளுயரத்துக்கு பிளக்ஸ் பேனர், மேலே 'நமது ஆராய்ச்சிச் சாதனைகள்'. படங்களைப் பார்த்தேன். ஒருவர் இன்னொருவருக்குச் சால்வை போடுகிறார். அந்த இன்னொருவர் அடுத்த படத்தில் முதலாமவருக்குச் சால்வை போடுகிறார். இப்படியே சுவர் முழுக்கப் போகிறது. சால்வைக்கு என்று தனித் துறை வைத்தால் உலகத்தில் முதல் இடம் நமக்குத்தான்.

தாவரவியல் பேனரின் கீழ்ப்பாதியில் சால்வை இல்லாத படம் ஒன்று இருந்தது. என் தொட்டிகள். 'நஞ்சு மண்ணில் உயிர்' என்று போட்டிருந்தது. நிலவியல் வாசலில் அதே தொட்டிகள், வேறு பக்கத்திலிருந்து எடுத்த படம், 'சுரங்க மண்ணின் மறுபிறப்பு'. வேதியியலில் கிட்டத்துப் படம். சுற்றுச்சூழலில் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஏரியை ஒட்டவைத்திருந்தார்கள். நான்கு பேனரிலும் என் மனைவி பெயர் இல்லை. தொட்டியில் ஒட்டிய என் கடை ஸ்டிக்கர் இருந்தது.

குப்பைத்தொட்டிகளை இறக்க வந்த உதவியாளர் எங்கள் ஊர் ஆள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அதனால் மகன் வாயிலும் அந்தப் பேச்சு.

"அண்ணே, நாளைக்கு உங்க தொட்டிங்களுக்கு நாலு ஷிப்டு."

"இன்னாய்யா சொல்றே?"

"பத்து மணிக்கு தாவரவியல்ல டூட்டி. குழு அங்க பாத்துட்டு காபி குடிக்கும். அந்த கேப்புல பின் வழியா ட்ராலில தள்ளிக்கினு நிலவியலுக்குப் போகணும். அவங்க அங்க வர்றதுக்குள்ள வெச்சிடணும். அப்பால வேதியியல். அப்பால ஏரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வித்தையைக் கண்டுபிடித்தது எங்கள் கடைவீதி. எடைக்கல் சோதிக்கிற ஆபீசர் வருகிறார் என்றால், புது முத்திரை குத்திய கல் தெருவில் ஒரு கடையில்தான் இருக்கும். அவர் முதல் கடையில் சோதித்துவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் அதே கல் கொல்லைப்புறமாக அடுத்த கடைக்குப் போய்விடும். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் கல்லும் தாண்டிவிடும். படிக்காத நாங்கள் செய்தால் அதற்குப் பெயர் மோசடி. அங்கே அதற்குப் பெயர் ஏற்பாடு.

"அது சரி, தொட்டிங்க எங்க?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "உள்ள இருக்குது. நீங்க பாக்காதீங்க அண்ணே."

பார்க்காதே என்றால் நான் பார்க்காமல் இருப்பேனா? தாவரவியல் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் என் தொட்டிகள் கழுவித் துடைத்து ஜொலித்தன. அவற்றுக்குள் எருக்கு இல்லை, ஆவாரை இல்லை. செண்டுமல்லி. மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பந்து பந்தாய்ப் பூத்த செண்டுமல்லி, நர்சரியிலிருந்து அன்று காலை வந்திறங்கியது. நல்ல செம்மண்ணும் எருவும். அதிலும் நன்றாகப் பூத்தது எது தெரியுமா? 'முழுசு' என்று என் மனைவி எழுதிய தொட்டி.

"தலைவர் பாத்தாரு. பாதி செடி காஞ்சி செத்துக் கெடக்குது. கமிட்டி வர்ற நேரத்துல செத்ததையா காட்டுறதுன்னு கத்துனாரு. மாத்தச் சொன்னாரு, மாத்திட்டேன்."

"பழசெல்லாம்?"

கட்டடத்துக்குப் பின்னால் குப்பையைக் காட்டினான். குனிந்து பார்த்தேன். பல வருஷம் அவள் மண்ணோடு மண்ணாகக் கிடந்து வளர்த்தது அத்தனையும் அங்கே கிடந்தது. நல்லவேளை, ஒவ்வொரு செடியின் அடியிலும் என் மனைவி அளவு எழுதிய ஒரு தகட்டைக் கம்பியால் கட்டியிருந்தாள். அது அப்படியே இருந்தது. நான் கொண்டுவந்த குப்பைத்தொட்டிகளிலேயே இரண்டை எடுத்து, உயிருள்ளதைப் பச்சையிலும் செத்ததை நீலத்திலும் வேர் முறியாமல் அடுக்கினேன். குப்பையிலிருந்து பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடுகிற ஒருவனை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டில் தொட்டிகளைத் திறந்துகாட்டினேன். அவள் ஒவ்வொரு தகடாகத் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்து நான் முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

"எல்லாம் இருக்குங்க. எப்படியும் பிடுங்கிக் காயவைக்க வேண்டியதுதானே. மண்ணைத் தட்டிட்டு எடை போட்டாப் போதும்."

"செத்ததுமா?"

"செத்தது எதுன்னு சொல்றதுதாங்க பாதி ஆராய்ச்சியே. ஆவாரை முழுசுல சாகுதுன்னு தெரிஞ்சாதானே மேட்டுமேல ஆவாரையை நட்டு யாரும் ஏமாறமாட்டாங்க?"

எனக்குள் இருக்கிற வியாபாரி அப்போது முழித்துக்கொண்டான். "இதப்பாரு. நாளைக்கு நாலு பேரும் உன்னைத் தலையில தூக்கி வெப்பாங்க. செண்டுமல்லி பூத்துச்சின்னா பூத்துச்சின்னு சொல்லிட்டுப் போ. சாயந்தரமே எவனாச்சும் ஒருத்தன் கையெழுத்துப் போடுவான். ஜனவரி வருது. ஆராய்ச்சி உன் புத்தகத்துல சரியாத்தானே இருக்குது?"

அவள் வேர்களிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள். விளக்கம் சொல்ல வேண்டும், பட்டுப்புடவையில் வர வேண்டும் என்று தாவரவியல் தலைவர் உத்தரவு. நான் கடை திறந்து தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் போன்.

"ஏங்க, அந்த ரெண்டு தொட்டியையும் எடுத்துட்டு வாங்க. நிலவியலுக்குப் பின்னாடி வேப்பமரம் இருக்குல்ல, அங்க நில்லுங்க."

"எதுக்கு?"

"வாங்களேன்."

வழி நெடுக எனக்கு வந்த யோசனைகளை எழுதினால் இதைவிடப் பெரிய ஆய்வேடாகும். போலீஸ் நிறுத்தி, தொட்டிக்குள் இன்னா என்று கேட்டால்? சயனைட் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால்?

வேப்பமரத்தடியில் நின்றேன். பின்வழியில் ட்ராலி வந்தது. உதவியாளர் தள்ளுகிறான், பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு என் மனைவி தொட்டிகள் சாயாமல் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாள். செண்டுமல்லி ஆடுகிறது. நிலவியல் தலைவர் வாசலில் நின்று, "பேகா, பேகா!" என்று சீக்கிரம் வரச்சொல்லிக் கை ஆட்டுகிறார். கட்டட மூலையில் திரும்பும்போது 'முழுசு' தொட்டி ஒரு முறை சரிந்து, இரண்டு பூ உதிர்ந்தது. அதைப் பொறுக்கித் தலைவரே செருகினார். நிலவியலுக்கு அது முதல் தாவரவியல் அனுபவமாக இருந்திருக்கும்.

குழு முன்வாசலில் நுழைந்தது, நான் பின்ஜன்னலுக்குக் கிட்டே போனேன். குழுவில் மூத்தவர் வெள்ளை முடி, பருத்திப்புடவை, வேறு மாநிலத்து அம்மா. துணைவேந்தர் பக்கத்தில். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்குப் பாதிதான் எட்டியது, மீதியை என் மனைவி பிறகு சொன்னாள். அந்த அம்மா தொட்டிகளைப் பார்த்தார். சற்று முன் தாவரவியலில், தலைவர் மட்டுமே பேசக் கேட்டு, இதே தொட்டிகளைப் பார்த்தவர். துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த அம்மா குனிந்து 'முழுசு' தொட்டியில் மண்ணை விரலால் தொட்டார். அது என்ன எழுத்து என்று கேட்டார். சயனைட் மண் மட்டும் என்று நிலவியல் தலைவர் பெருமையாகச் சொன்னார்.

"சுத்தமான சயனைட் மண்ணில் செண்டுமல்லி பூத்ததா?" அவர் என் மனைவியைத்தான் கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பூத்தது என்று சொல், தாயே. ஒரு வார்த்தை. ஒரு கையெழுத்து.

"இல்லை மேடம்" என்றாள் அவள். "அதில் இருந்தது ஆவாரை. செத்துவிட்டது. செத்தது என்னிடம் இருக்கிறது." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தமிழில், "ஏங்க, கொண்டாங்க."

வாழ்க்கையில் நான் எந்த மேடையிலும் ஏறியதில்லை. அன்றைக்கு ஒரு கையில் பச்சை, ஒரு கையில் நீலம், இரண்டு குப்பைத்தொட்டிகளோடு துணைவேந்தர் முன்னிலையில் நுழைந்தேன். யாரோ என்னைத் துப்புரவு வேலைக்காரர் என்று நினைத்து, "அப்பால, அப்பால" என்று சைகை காட்டினார்கள். என் மனைவி நீலத்தைத் திறந்து, காய்ந்த ஆவாரையை எடுத்து வெள்ளைத் துணிமேல் வைத்தாள். தகட்டைத் திருப்பினாள். அடுத்து கம்பு. பச்சையிலிருந்து வெட்டிவேர், அதன் வேர் ஒரு முழம் தொங்கியது. எது நின்றது, எது போயிற்று, எந்த அளவில் போயிற்று என்று வரிசையாகச் சொன்னாள். பட்டுப்புடவை முழுக்கச் சாம்பல் தூள். துணியிலும் தூள்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த வெட்டிவேரை ரொம்ப நேரம் பார்த்தார். "இது எந்தத் துறை ஆராய்ச்சி?" என்று கேட்டார்.

நிலவியல் தலைவர் தாவரவியல் தலைவரைப் பார்த்தார். அவர் எப்படியோ பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தார். "நம்தல்ல" என்று அவர் உதடு அசைந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நம்தே என்றால் செண்டுமல்லிக்கு யார் பதில் சொல்வது?

அப்போது துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். "இது எங்களுடைய நான்கு துறைகளும் சேர்ந்து செய்கிற கூட்டு ஆராய்ச்சி, மேடம். அதனால்தான் எல்லா இடத்திலும் பார்க்கிறீர்கள்."

பதவி என்றால் இதுதான் என்று தோன்றியது. எங்கள் தெருவில் முத்திரைக்கல்லோடு கையும் களவுமாகப் பிடிபட்டவர்களில் ஒருவருக்காவது, "இது தெருவின் கூட்டுக் கல்" என்று சொல்லத் தோன்றியிருக்குமா?

அந்த அம்மா, அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்று எழுதிக்கொண்டார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். "தெரிஞ்சிருக்கும்ங்க" என்றாள் என் மனைவி. "அவங்க யுனிவர்சிடியிலயும் எதாவது ஒண்ணு ட்ராலில ஓடிட்டுதான் இருக்கும்."

குழு எழுதிக்கொண்டபிறகு அது நிஜமாக வேண்டுமே. நான்கு துறைகளும் அவளை ஏற்றுக்கொண்டன. ஒரு துறை கிடைக்காதவளுக்கு நான்கு. நான்கு வழிகாட்டிகள். ஒருவருக்கும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்க நேரமில்லை, ஏனென்றால் சண்டையே முதல் பக்கத்தில்தான். யார் பெயர் மேலே? வயதுப்படி என்றார் வேதியியல். செடி என்பதால் தன் பெயர் என்றார் தாவரவியல். மண் இல்லாமல் செடி எங்கே என்றார் நிலவியல், கோதுமை மாவு பேச்சை மறந்துவிட்டு. சுற்றுச்சூழல் மட்டும் கீழே போட்டாலும் பரவாயில்லை, எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றார். நல்ல மனுஷர்.

ஜனவரி ஓடியது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் அடுத்தவர் ஊரில் இல்லை. அவர் வந்தால் வரிசையை மாற்று என்று சொல்லி முதல் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பார். அவள் மறுபடி அச்செடுப்பாள், பழையதில் போட்ட கையெழுத்து வீணாகும். எனக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னது அந்த மாதம்தான். கடைசியில் அவள் நான்கு பெயரையும் வட்டமாக அச்சடித்தாள், ராட்டினம் மாதிரி. எது மேலே, எது கீழே என்று சொல்ல முடியாது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவரவர் தன் பெயர்தான் உச்சியில் என்று முடிவுசெய்துகொண்டு நான்கு பேரும் ஒரே கேன்டீன் மேஜையில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கையெழுத்தில் சாம்பார்.

ஜனவரி கடைசி நாள். பதிவாளர் அலுவலகக் கவுன்ட்டரில் ஒரு குமாஸ்தா ஆய்வேட்டை வாங்கிப் புரட்டினார். வட்டத்தைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"மேடம், இதுல ஒரு டிபார்ட்மென்ட்தான் எடுக்கும். எதைப் போட?"

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி நான்கு பேரிடமா? மணி நாலைத் தாண்டிவிட்டது.

"எது முதல்ல வருதோ அதைப் போடுங்க சார்" என்றாள் என் மனைவி.

"இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி பாட்டனிதான் முதல்ல வருது."

செடிகளைக் குப்பையில் போட்டவர் துறை. நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

"போடுங்க சார்."

சீல் விழுந்தது. ரசீது வந்தது. அவள் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சிமென்ட் தரையில் வைத்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷமா, களைப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இன்னாம்மா, இது அவங்க சாதனைன்னுதானே பேனர் போடுவாங்க?"

"போடட்டும். உள்ள இருக்கிறது நான் எழுதினதுதானே. மேட்டுல செடி வைக்க வர்றவன் பேனரைப் பாக்க மாட்டான்."

"அதுசரி, வாய்மொழித் தேர்வுன்னு ஒண்ணு இருக்குதாமே? நாலு வழிகாட்டியும் நாலு கேள்வி கேட்டா? ஒருத்தர் பூத்துச்சான்னு கேட்டு, இன்னொருத்தர் செத்துச்சான்னு கேட்டா? வெளியூர்லேர்ந்து வர்ற ஆளுக்கு உடம்பு சரியில்லாம போயிட்டா? இன்னொரு ஜனவரி—"

"ஏங்க."

"இன்னா?"

"இன்னைக்கு ஒரு நாள் கம்முனு இருங்க."

இருந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.